பட்டியலில் வராத கடிதம்

அது கணிப்பொறிப் பைதானே தம்பி? நினைத்தேன். எல்லாரும் பையை மேலே போட்டுவிட்டு உட்காருகிறார்கள். நீங்கள் மட்டும் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பாருங்கள். இந்த மஞ்சள் பைக்குள் இருப்பது ஹார்டு டிஸ்க். உள்ளங்கை அளவு இரும்பு. இதற்குள் முப்பத்தாறு வருடப் போராட்டம் இருக்கிறது. அல்லது இருந்தது. இருக்கிறதா இருந்ததா என்று கேட்கத்தான் சென்னைக்குப் போகிறேன். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அழிந்ததைத் திரும்ப எடுத்துத் தருவாராம்.

என் பெயர் நாயகம். பள்ளிச் சான்றிதழில் தெய்வநாயகம். தெய்வத்தை எண்பத்திரண்டிலேயே வெட்டிவிட்டேன். எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் யாரைக் கேட்டாலும் தோழர் நாயகத்தைத் தெரியும். இப்போது போய்க் கேட்காதீர்கள். இப்போது கேட்டால் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் வெளியாள், கணிப்பொறி தெரிந்தவர். நியாயம் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. ஒரு பக்கம் இரண்டு பக்கம் அடித்து ஆலை வாசலில் கொடுப்பார்களே, அதைப் படித்துப் படித்தே உலகம் தெரிந்துகொண்டேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நானூற்றுப் பதினொன்று எழுதியிருக்கிறேன், கடைசியாக எழுதின ஒன்றைச் சேர்க்காமல். எண்ணிக்கை எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் எண் போடுவேன். பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில்கூட என் எண்ணைப் பார்த்திருக்கிறேன். ஒரு நூலகத்தில் இருக்கிற புத்தகத்தைவிட அது அதிகம் பேர் கையில் போயிருக்கும்.

துண்டறிக்கைக்கு ஒரு இலக்கணம் உண்டு. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முருகையன், ஈய எழுத்துக் கோத்துக் கோத்துக் கட்டைவிரல் தேய்ந்த மனிதர். தலைப்பு ஒரே வரியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கண்டிப்பாக இடம் விட வேண்டும். இடம் விடாவிட்டால் நட்சத்திரம் எழுத்தைக் கடிக்கும் என்பார். நான் வாழ்நாளில் ஒரு தடவைகூட இடம் விடாமல் நட்சத்திரம் போட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.

என் துண்டறிக்கையிலேயே பேர்போனது நூற்று நான்காவது. ‘ஒரு படி முன்னால் நின்றுவிடாதே’ என்று தலைப்பு. தோற்றவனில் பாதிப்பேர் ஜெயிக்கிறதுக்கு ஒரு படி முன்னால் நின்றவன் என்று அதில் எழுதியிருந்தேன். அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஆலையில் இருந்தார்கள். கொளஞ்சி என்று ஒருத்தன், கரும்பு இறக்குகிற பகுதியில் பருவகாலத் தொழிலாளி. பருவகாலம் என்றால் தெரியுமா? அரவை நடக்கிற ஆறேழு மாதம் வேலை, மீதி மாதம் வீட்டுக்குப் போ என்பார்கள். அடுத்த அரவைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். அப்படிப் பதினேழு பருவம் பார்த்தவன் கொளஞ்சி. அவனுக்கு எழுத்தே தெரியாது. என் துண்டறிக்கையை வைத்துக்கொண்டு நான்தான் படிக்கக் கற்றுக்கொடுத்தேன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து. எதையும் விடாமல் படி, புள்ளியைக்கூட விடாதே, முதலாளி ஏமாற்றுகிறதெல்லாம் அந்தச் சின்னச் சின்ன இடத்தில்தான் என்று சொல்லிக்கொடுத்தேன். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பொறி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? சங்கத்துக்கு ஒன்று வேண்டும் என்றபோது, அமெரிக்க ஏகபோகம் விற்கிற மென்பொருள் சங்க அலுவலக வாசற்படி ஏறக் கூடாது என்று பொதுக்குழுவில் நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். காசில்லாமல், யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லாரும் சேர்ந்து எழுதினது லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்று படித்திருந்தேன். முந்நூற்று அறுபதாவது துண்டறிக்கை அதைப் பற்றித்தான். ஆலை ஆய்வுக்கூடத்தில் கரும்புச்சாறு சோதிக்கிற ஆக்னஸ் என்கிற அம்மாள் எங்கள் இணைச்செயலாளர். அவருக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும். பழைய பெட்டி ஒன்றைப் பிடித்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, அரசியல் தெளிவு வேறு.

ஆறு வருடம் உட்கார்ந்து, இரண்டே விரலில், பழைய துண்டறிக்கை எல்லாவற்றையும் நான் அதில் ஏற்றினேன். சங்க அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருந்ததைக் கறையான் தின்ன ஆரம்பித்திருந்தது. ஏற்றி முடித்ததும் கட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். மின் எழுத்தைக் கறையான் அரிக்காது என்று அதற்கும் ஒரு துண்டறிக்கை எழுதினேன். நானூற்று மூன்று.

எல்லாம் ஒரே அறையில் இருந்தன. நீங்கள் ஃபோல்டர் என்பீர்கள். ஆக்னஸ், வருடவாரியாகச் சின்னச் சின்ன அறையாகப் பிரிக்கலாமா என்று கேட்டார். நான் கூடாது என்றேன். என் துண்டறிக்கைகளுக்குள் மேல் கீழ் கிடையாது, எல்லாம் ஒரே கூடத்தில் உட்காரட்டும் என்றேன். ஒரு நகல் எடுத்துப் பென்டிரைவில் வைக்கலாமா என்று கேட்டார். நகல் என்றால் கசிவு, கசிவு என்றால் நிர்வாகத்தின் கை என்றேன். இரண்டு தடவையும் அவர் வாக்குவாதம் செய்யவில்லை. “சரிங்க தோழர்” என்றார். அந்தச் சரிங்க தோழரில் ஒரு குறும்பு இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன அரவைக்கு முந்தின அரவை. முப்பத்தெட்டுப் பருவகாலத் தொழிலாளரை நிரந்தரம் செய் என்று கோரிக்கை வைத்திருந்தோம். அந்தக் கோரிக்கை முதன்முதலில் என் பேனாவில் வந்தது, இருபது வருடத்துக்கு முன். அரவை நடுவே ஆலை நின்றால் வெட்டின கரும்பு காயும், அதனால் அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் பேச வரும். அவர்களும் வந்தார்கள். அதே சமயத்தில் என்னை இடைநீக்கம் செய்தார்கள். வாயிற்கூட்டத்தில் மேலாளரின் தகப்பனாரைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்டேனாம். விசாரணை வைத்தார்கள். பணி ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. விசாரணையில் வேலை போய்விட்டால் முப்பத்தாறு வருடத் தலைவன் வேலை போனவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவான். அது எனக்கு மட்டும் அவமானமா? இயக்கத்துக்கே அவமானம்.

அதனால் ஒரு கடிதம் எழுதினேன். நிர்வாக இயக்குநருக்கு. அதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். நான் அதை ஓரடிப் பின்வாங்கல் என்பேன். போர் செய்கிறவன் ஓரடி பின்வாங்காமல் ஈட்டி எறிய முடியுமா? அனுப்பினாயா என்று பிறகு சங்கத்தில் கேட்டார்கள். அனுப்பவில்லை. தபாலில் போடவில்லை. ஒரு படி எடுத்து, மடித்து, மேலாளர் அறை உதவியாளர் கையில் கொடுத்தேன். கையில் கொடுப்பது அனுப்புவது ஆகுமா? சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒரு சங்கடம் வந்தது. இருபது வருடமாக அந்த மனிதரைக் கொள்ளைக்காரர் என்றும் கரும்பைவிட்டு மனிதனைப் பிழிகிறவர் என்றும் எழுதியவன் நான். உயர்திரு என்று எழுதக் கை வரவில்லை. பெயரும் எழுத வரவில்லை. சங்கத்து மாதிரிப் படிவங்களில் பெயர் எழுதுகிற இடத்தில் புள்ளி போட்டிருப்போம் அல்லவா, அப்படிப் புள்ளி போட்டேன். புள்ளி புள்ளியாகப் போட்டு ‘அவர்களுக்கு’ என்று முடித்தேன். விரல் போகிறவரை அழுத்தினேன், எத்தனை புள்ளி என்று யார் எண்ணுகிறார்கள்? தட்டச்சு செய்ததைச் சேமிக்கும்போது என் வழக்கம், முதல் வரி எதுவோ அதுவே அதன் பெயர். அதே பெயரில் சேமித்தேன்.

சேமித்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் காணோம். நானூற்றுப் பதினொன்றும் வரிசையாக நிற்கின்றன, இது மட்டும் இல்லை. படி எடுத்தாயிற்று, கையில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இல்லை. சரி, இயந்திரத்துக்கே அந்த மனிதரைப் பிடிக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாவது நாள் பேச்சுவார்த்தை. நான் இடைநீக்கத்தில் இருந்ததால் ஆக்னஸும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். முப்பத்தெட்டுப் பேர் என்று ஆக்னஸ் ஆரம்பித்ததும் நிர்வாக அதிகாரி சிரித்தாராம். “அதான் உங்க ஆளுங்கள்ல ஒருத்தரே அத வற்புறுத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டாரேம்மா” என்றாராம். யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கடிதத்தையும் காட்டவில்லை. அன்றைக்குப் பேச்சுவார்த்தை முறிந்தது. அந்தப் பருவத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் கதையும் முடிந்தது.

பொதுக்குழு கூடியது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் எழுந்து, விசாரணைக் குழு போடுங்கள், துரோகி எவனாக இருந்தாலும் கிழித்துத் தொங்கவிடுங்கள் என்றேன். நானே சொன்னேன் தம்பி. சந்தேகம் வந்தால் முதல் ஆளாகக் குழு கேட்க வேண்டும், அது சங்க நடைமுறை. குழுவுக்கு மூன்று பேர். ஆக்னஸ் ஒன்று. பாய்லர் பகுதியில் ஒருவர். மூன்றாவதாகக் கொளஞ்சி பெயரை நான்தான் முன்மொழிந்தேன். பாதிக்கப்பட்டவன் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

அப்போது ஆக்னஸ் எழுந்தார். சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. “அந்தக் கடிதம் நம்ம மிஷின்ல அடிச்சதா இருந்தா, மிஷின்லயே இருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி. ஞாயித்துக்கெழம காலைல தெறந்து பாத்துடலாம்” என்றார்.

கண்ணுக்குத் தெரியாட்டியும் சரி. அந்த ஒரு வார்த்தை எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. எனக்குத் தெரியாதா? கூட்டத்தில் கண்ணில் படாமல் நிற்கிறவன்தான் உளவாளி. பட்டியலில் வராமல் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான்.

சனிக்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் கையில் ஒரு சாவி இருப்பது சங்க வழக்கம். மவுசை வைத்து அழிக்கலாம், ஆனால் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். குப்பையை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். அதுவும் கண்ணுக்கே தெரியாததை எதை வைத்துப் பிடிப்பது? கறுப்புத் திரை ஒன்று இருக்கிறது அல்லவா, படம் ஒன்றும் இல்லாமல் வெறும் எழுத்தில் கட்டளை போடுவது. அதில் அழித்தால் போனது போனதுதான் என்று ஆக்னஸ் ஒரு வகுப்பில் சொல்லியிருந்தார். சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாளும் ஒட்டியிருந்தது. ‘எல் எஸ் என்றால் பட்டியல். ஆர் எம் என்றால் அழி. திரும்ப வராது. நட்சத்திரம் என்றால் எது வேண்டுமானாலும்.’ கடைசியில் சிவப்பு மையில், ‘அழிப்பதற்கு முன் பட்டியல் பார்க்கவும்.’ அந்தச் சிவப்பு வரி பயந்தவர்களுக்கு. நான் பட்டியல் பார்த்துவிட்டுப் போராட்டத்தில் இறங்கினவன் இல்லை.

அந்தத் திரை நேராகத் துண்டறிக்கை அறையிலேயே திறக்கும்படி ஆக்னஸ் வைத்திருந்தார். திறந்தேன். அதில் தமிழ் எழுத்து சரியாக நிற்காது தம்பி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தடியடிக்குப் பிறகு கூட்டம் கலைந்த மாதிரி இருக்கும். ஆர் எம் போட்டு, மூன்று புள்ளி வைத்து, அவர்களுக்கு என்று அடித்தேன். இங்கிலீஷில் ஏதோ சொன்னது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், அப்படி ஒன்று இல்லை என்கிறது. சரி, நான்கு புள்ளி. இல்லை. ஐந்து. இல்லை. நானா பொய் சொல்கிறேன்? எழுதினவன் நான், இருக்கிறது என்கிறேன், இது இல்லை என்கிறது. தொழிலாளர் அதிகாரி அலுவலகத்தில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே மனு வரவில்லை என்பார்களே, அதே குரல். ஆறு புள்ளி வைத்தேன். இல்லை.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. இப்படி ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தால் எங்கே முடியும்? அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். நட்சத்திரம் என்றால் எது வேண்டுமானாலும். அப்பாடா என்றிருந்தது. புள்ளி எத்தனை என்று தெரியாவிட்டால் என்ன, அந்த இடத்தில் நட்சத்திரம் போட்டால் தீர்ந்தது. நட்சத்திரம் போடுவதில் என்னை விடத் தேர்ந்தவன் இந்த மாவட்டத்தில் உண்டா? ஆர் எம் போட்டேன். இடம் விட்டேன். நட்சத்திரம் போட்டேன். முறைப்படி இடம் விட்டேன். அவர்களுக்கு என்று அடித்தேன். தட்டினேன்.

ஆமாம். நீங்கள் முகத்தைத் திருப்புகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது தெரியாது. நட்சத்திரத்தைத் தனியாக ஒரு பெயராகவும், அவர்களுக்கு என்பதைத் தனியாக ஒரு பெயராகவும் அந்த முட்டாள் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்று தாளில் எழுதவில்லை. எது வேண்டுமானாலும் அழி என்று நான் சொன்னதாக அது புரிந்துகொண்டது. எண்பத்தேழில் மறியலில் என்னைப் பிடித்த போலீஸ்காரன்கூட அடிப்பதற்கு முன் பெயர் கேட்டான் தம்பி. இது அதுகூடக் கேட்கவில்லை.

மறுபடி அவர்களுக்கு என்று ஒன்று இல்லை என்று அதே பாட்டைப் பாடியது. சரி, பட்டியலாவது பார்ப்போம் என்று எல் எஸ் போட்டேன். ஒன்றும் வரவில்லை. வெறும் கறுப்பு. இன்னொரு தடவை போட்டேன். வெறும் கறுப்பு. மவுசை வைத்து அறையைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி. நூற்று நான்கு இல்லை. முந்நூற்று அறுபது இல்லை. கறையான் அரிக்காது என்று எழுதினது இல்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. டீ கொண்டுவந்தவர் வைத்துவிட்டுப் போய், மறுபடி வந்து ஆறின டீயை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. எல்லாம் போனதென்றால் அதுவும் போயிருக்கும் அல்லவா? வீட்டுக்குத் தீ வைத்தால் மூட்டைப்பூச்சி மட்டும் மிஞ்சுமா? அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. என் எழுத்துகள் போயின என்றால் அதனால் யாருக்கு லாபம்? நிர்வாகத்துக்குத்தானே? லாபம் யாருக்கோ அவன்தான் குற்றவாளி. இது அரிச்சுவடி. நேராக அச்சகம் போனேன். நானூற்றுப் பன்னிரண்டாவது துண்டறிக்கை. ‘வரலாற்றை அழித்த கைகள் எவை?’ என்று தலைப்பு, இரண்டு பக்கமும் நட்சத்திரம். ஐந்நூறு படி. ஞாயிறு காலை ஆறு மணி ஷிப்டுக்கு நானே வாசலில் நின்று கொடுத்தேன். பெண்கள் சிலர் அழுதார்கள். கொளஞ்சி வாங்கி, அங்கேயே நின்று படித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான். “நூத்தி நாலும் போச்சா தலைவரே” என்றான்.

ஒன்பது மணிக்குக் குழு உட்கார்ந்தது. தலைவன் என்ற முறையில் நானும் பக்கத்தில் நின்றேன். மேசையில் என் துண்டறிக்கை இருந்தது. ஆக்னஸ் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். கறுப்புத் திரையைத் திறந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார் பாருங்கள், மேல்நோக்கின அம்பு போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை ஒரு தடவை அழுத்தினார். எல் எஸ் என்று வந்தது. இன்னொரு தடவை. மறுபடி எல் எஸ். மூன்றாவது தடவை, ஆர் எம், இடம், நட்சத்திரம், இடம், அவர்களுக்கு. நான் அடித்ததெல்லாம் அது எழுதி வைத்திருந்தது தம்பி. கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக ஏறினார். ஆறு புள்ளி. ஐந்து புள்ளி. நான்கு. மூன்று. காசில்லாத மென்பொருள், யாருக்கும் சொந்தமில்லாதது என்று நான் தீர்மானம் போட்டுக் கொண்டுவந்த இயந்திரம், போலீஸ் ஏட்டுக்கு மேல் குறிப்பு எழுதுகிறது.

நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் விட்டிருந்த இடத்தையே ஆக்னஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

“புள்ளியில ஆரம்பிக்கற பேரு பட்டியல்ல வராது” என்று பாய்லர்காரரிடம் சொன்னார். “நட்சத்திரமும் அதத் தொடாது. அதுக்குத் தனியாக் கேக்கணும்.” எல் எஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ ஒரு எழுத்துச் சேர்த்துத் தட்டினார்.

ஒற்றைப் புள்ளி ஒன்று வந்தது. இரட்டைப் புள்ளி ஒன்று வந்தது. அது இயந்திரத்தின் சொந்தச் சமாச்சாரமாம். அதற்கு அடுத்தது என்னுடையது. நானூற்றுப் பதினொன்று எழுதினவன், அந்த அறையில் என் எழுத்தாக மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

ஆக்னஸ் படித்திருக்கலாம். அவர் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் கொளஞ்சியை உட்காரச் சொன்னார். அது வன்மம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

கொளஞ்சி விரலைத் திரையில் வைத்தான். டீக்கடை பெஞ்சில் எப்படிப் படித்தானோ அப்படியே. “புள்ளி” என்றான். விரலை நகர்த்தினான். “புள்ளி.” எதையும் விடாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான், பக்கத்தில் நிற்கிறேன். அதை விட்டுவிட்டுப் படியடா என்று சொல்ல என் வாயில் வரவில்லை. ஒவ்வொரு புள்ளியாகப் படித்து முடித்து, “அவர்களுக்கு” என்றான். அப்புறம் கீழே வந்தான். பருவகாலத் தொழிலாளர் நிரந்தரக் கோரிக்கையை இந்த அரவையில் சங்கம் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்கிறேன். அதை எழுத்துக்கூட்டி முடிக்க அவனுக்குக் காபி குடிக்கிற நேரம் ஆயிற்று. அவனுக்கு இன்னும் அர்த்தம் போய்ச் சேரவில்லை, எழுத்தில்தான் கவனம். என் மீதான விசாரணையைக் கைவிடும்படி. அங்கே நின்றான். அடுத்த வார்த்தையை இரண்டு தடவை கூட்டினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

“பணிவுடன்னு போட்டுருக்கு. இது ஒங்க நோட்டீசு எதுலயும் வந்ததில்லயே தலைவரே. என்னா அர்த்தம்?”

பாய்லர்காரர் எழுந்து வெளியே போய் எச்சில் துப்பிவிட்டு வந்தார்.

சங்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். முப்பத்தாறு வருடம், மூன்று வரித் தீர்மானம். விசாரணையை நிர்வாகமும் கைவிடவில்லை, அது வேறு. கண்டித்து எழுதி விட்டுவிட்டார்கள். வேலை போகவில்லை. அதாவது அந்தக் கடிதம் எழுதாமலே இருந்திருந்தாலும் போயிருக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். தெரிந்தா எழுதினேன்? அந்தக் கடிதத்தை ஆக்னஸ் அப்படியே துண்டறிக்கையாக அடித்து ஆலை வாசலில் ஒட்டினார். ஒரு வார்த்தை விமரிசனம் இல்லை, என் எழுத்து மட்டும். தலைப்புக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டிருந்தார்கள், நடுவில் இடமே விடவில்லை. எழுத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. அச்சு முறை தெரியாதவர்கள் கையில் சங்கம் போய்விட்டது என்று அப்போதே நினைத்தேன்.

போன அரவையில் பதினாறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முப்பத்தெட்டில் முப்பத்தொரு பேர் நிரந்தரம் ஆனார்கள். கொளஞ்சியும் ஒருத்தன். அதற்கு அடித்தளம் போட்டது யார்? இருபது வருடத்துக்கு முன் அந்தக் கோரிக்கை யார் பேனாவில் வந்தது? வெற்றி விழாவில் ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த டிஸ்க் எப்படி என் கைக்கு வந்தது என்றால், சங்கத்தில் புதுக் கணிப்பொறி வாங்கிவிட்டார்கள். கொளஞ்சி இதைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்து இன்றைக்குக் காலையில் பேருந்து நிலையத்தில் கொடுத்தான். “இதுல ஒங்க நோட்டீசெல்லாம் இன்னும் இருந்தாலும் இருக்கும்னு ஆக்னஸ் அக்கா சொன்னாங்க. கடை வெலாசமும் அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க” என்றான். குற்ற உணர்ச்சி, வேறென்ன. அவன் வீட்டுப் பெட்டியில் நான் கொடுத்த துண்டறிக்கை எண்பது தொண்ணூறு கிடக்கிறதாம், படிக்கக் கற்றுக்கொண்டது, வேண்டுமானால் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எண்ணெய்க் கறை பட்டுக் கிடப்பது ஆவணம் ஆகுமா? எனக்கு நானூற்றுப் பதினொன்றும் வேண்டும்.

அழித்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால்தான் திரும்ப வரும் என்கிறீர்களா? எழுதியிருக்கிறார்களே தம்பி. ஒன்றரை வருடம் ஆக்னஸ் துண்டறிக்கை எழுதினது எல்லாம் இதில்தான். என் மேலேயே எழுதியிருக்கிறார்கள். பரவாயில்லை. பாதி வந்தாலும் போதும். நூற்று நான்கு வந்தாலும் போதும்.

விழுப்புரம் வந்துவிட்டதா? நீங்கள் இறங்குவதற்கு முன் ஒரு உதவி செய்யுங்கள். ஆக்னஸ் அந்தக் கடிதத்தை அழிக்கவில்லை. இதில் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் இதைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். என் எழுத்தைத் தேடி எடுக்கப் போகிறவர் முதலில் அதைப் படிக்க வேண்டாம். உங்கள் கணிப்பொறியில் இதை மாட்ட முடியாதா? கம்பி இல்லையா. சரி, அப்படியென்றால் அந்தக் கட்டளையை மட்டும் எழுதிக் கொடுங்கள், கடைக்குப் போனதும் அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் நானே போட்டுக்கொள்கிறேன். இந்தாருங்கள், பயணச்சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். நட்சத்திரம் வேண்டாம். புள்ளியே வைத்து எழுதுங்கள்.

ஏழு. கொளஞ்சி படித்தபோது எண்ணினேன். சரியாக ஏழு. நான் ஆறோடு நிறுத்திவிட்டேன்.